லைசென்ஸில் பெயர் இல்லாதவர்களையும் கூப்பிடுங்கள்

நம் ஊர்ச் சிறுதோட்டக்காரர் சங்கத்தின் செயற்குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் உரப் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. பழம் விற்கும் லைசென்ஸ் அப்பா பெயரில் இருப்பதால் அவர் பெயருக்கு. அவரும் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தார். ஆனால் எங்கள் மூன்று ஏக்கர் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, உரம் போடுகிறவர் அம்மா. அப்பா லோரி ஓட்டுகிறவர். கேட்டு வந்ததில் பாதியை அவரால் சொல்ல முடியவில்லை. அது அவர் குற்றமில்லை.

உதிரிப் பழம் பொறுக்குவதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறோம். எண்ணெய் நன்றாக ஏறியிருப்பது அந்த உதிர்ந்த பழத்தில்தான். அம்மா மரத்தடியில் குந்தி, இடது கையால் புல்லை விலக்கி, வலது கையால் பழத்தை வாரிச் சாக்கில் போடுவார். கீழே எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "இந்தக் குலை இன்னும் பழுக்கல, அடுத்த ரவுண்டுல வெட்டிக்கலாம்" என்று வெட்டுகிறவரிடம் சொல்வதும் அவர்தான். காயாக வெட்டிப் போட்டால் ஆலையில் விலை குறையும். அந்த நட்டத்தைத் தடுப்பது அம்மாவின் கண்.

நம் பக்கத்துத் 'தென்னமரம்' எஸ்டேட்டில்தான் 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1981-இல் மகரந்தம் சேர்க்கும் கேமரூன் நாட்டு வண்டைக் கொண்டுவந்து விடும்வரை தோட்டங்களில் மகரந்தப் பொடியை ஆள் வைத்துத்தான் தூவினார்கள். எங்கள் பாட்டி அந்த வேலை செய்தவர். பூப்பாளையைப் பார்த்ததும் அது எப்போது விரியும் என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கண்தான் அம்மாவுக்கும் வந்திருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் பழைய மரங்களைத் தள்ளிவிட்டுத் திரும்ப நட்டோம். கீழ் ஏக்கரில் தண்ணீர் நிற்கும், முதலில் கால்வாய் வெட்டுங்கள் என்று அம்மா சொன்னார். கன்று வாங்குவதைப் பற்றிப் பேசியது அப்பாவும் சித்தப்பாவும் சங்கத்திலிருந்து வந்தவரும். அம்மா தேநீர் கலக்க உள்ளே போயிருந்தார். நவம்பர் மழையில் ஐம்பது கன்றுக்கு மேல் அழுகிப் போயின. மறுபடி நட்டு, முதல் குலை வெட்ட மூன்று வருடம் காத்திருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு நடந்தது இன்னும் மோசம். மாமா இறந்ததும், லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது என்று சொல்லி வியாபாரி பழத்தை எடுக்கவில்லை. இருபது வருடமாக அத்தை கையிலிருந்துதான் அந்த வியாபாரி பழம் வாங்கிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மாமாவின் நிலத்தில் தனக்குப் பங்கு உண்டா என்பதே தெரியாது. 1997-இல் திருத்தப்பட்ட சொத்துப் பகிர்மானச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவருடைய பெற்றோரும் இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல். இதை நம் சங்கக் கூட்டத்தில் யாரும் ஒரு தடவைகூடப் பேசி நான் கேட்டதில்லை.

2020 முதல் எம்எஸ்பிஓ எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயம். எப்போது உரம் போட்டோம், என்ன மருந்து அடித்தோம், எத்தனை கிலோ விற்றோம் என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு அம்மாவின் சின்ன 555 நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். தோட்டத்தில் வேலை செய்யும் மனைவியையும் மகளையும் உறுப்பினராகச் சேருங்கள். திரும்ப நடுவதற்கும் கடனுக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பங்குச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலை ஒரு நாள் தமிழில் பேச அழையுங்கள். பயிற்சியைக் காலையில் வைக்காதீர்கள். காலை நேரம் தோட்டத்துக்குப் போய்விடுகிறது.

அம்மா மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எந்த நாளும் வருவார். பழ லோரி வரும் சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.