கிரீன்ஸ்டெட் ஆலயம் கி.பி. 845-இல் கட்டப்பட்டது என்ற கணக்கு சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், எசெக்ஸ் பகுதியின் கிரீன்ஸ்டெட் கிராமத்தில் இருக்கும் புனித அந்திரேயா ஆலயத்துக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. ஆனால், 845-இல் கட்டிய அதே மரச் சுவர்களுக்குள் 1013-இல் புனித எட்மண்டின் உடல் வைக்கப்பட்டதாக எழுதியிருப்பது சரியல்ல.

845 என்பது பழைய கணக்கு. 1995-இல் மர வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, அந்த ஓக் மரங்கள் 1063-க்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று தெரிந்தது. நார்மானியர் இங்கிலாந்தின் மீது படையெடுத்த 1066-க்குப் பிறகும்கூட அந்தச் சுவர் எழுந்திருக்கலாம். அப்படியானால் 1013-இல் அது எப்படி இருந்திருக்கும்?

அதற்காக எட்மண்ட் கதையையே தள்ளிவிட வேண்டியதில்லை. டென்மார்க்கிலிருந்து படையெடுத்து வந்த டேனியர் 869-இல் கொன்ற அரசர் அவர். அவர் உடலை லண்டனிலிருந்து பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குத் திரும்ப எடுத்துச் சென்றவர்கள் வழியில் இங்கே தங்கினார்கள் என்பது ஊர் மரபு. 1960-இல் தோண்டிப் பார்த்தபோது, பீடப்பகுதியின் தரைக்கடியில் இதைவிடப் பழைய மரக் கட்டடங்கள் இரண்டின் தடயம் கிடைத்தது. மரபு உண்மையென்றால், உடல் தங்கியது அப்படி ஒரு முந்தைய ஆலயத்தில்தான்.

இருநூறு ஆண்டு குறைந்தாலும் ஐரோப்பாவில் இன்றும் நிற்கிற மரக் கட்டடங்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் உள்ளேயும் உருண்டைப் பக்கம் வெளியேயும் இருக்கும்படி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் தெரியும் செங்கல் வரி பழையதல்ல. 1848-இல் பழுதுபார்த்தபோது, உளுத்துப்போன அடிப்பாகத்தை அறுத்துவிட்டு மிச்சத்தைச் செங்கல் மேல் நிறுத்தினார்கள். அதாவது, நாம் இன்று பார்ப்பது கொஞ்சம் குட்டையாகிப் போன சுவர். முழுவதையும் பிடுங்கிப் போட்டுப் புதுச் சுவர் வைக்காமல் விட்டார்களே, அதுவரை நல்லது.

கட்டுரையாளர் இந்த ஆலயத்தோடு தொடர்புள்ள டால்படில் தொழிலாளர்களைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. டார்செட்டின் டால்படில் கிராமத்தில் கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் வைத்த ஆறு விவசாயக் கூலிகளை, ரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக 1834-இல் ஏழாண்டு நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். மக்கள் கொந்தளித்ததில் 1836-இல் மன்னிப்பு வந்தது. திரும்பி வந்தவர்களில் சிலருக்கு, பொதுமக்கள் திரட்டிய நிதியில் கிரீன்ஸ்டெட்டில் பண்ணை ஏற்பாடானது. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், உடன் தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் மணந்தது இந்த ஆலயத்தில்தான். உள்ளூர் நிலக்காரர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. அப்புறம் 1840-களில் அந்தக் குடும்பங்கள் கனடாவுக்குப் போய்விட்டன.

இன்னொன்று. நீங்கள் போட்ட படத்தில் வெள்ளைப் பலகைக் கோபுரம் மட்டுமே தெரிகிறது. அது பின்னாளில் சேர்த்தது. திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் மரச் சுவரின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்