அது வயலட் இல்லை, காலின்சியா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் மூன்றாம் பக்கத்தில் மேலே போட்டிருக்கிற படம், பாறைக்கும் பாறைக்கும் நடுவே மணலே தெரியாதபடி நீலமாகப் பூத்துக் கிடக்கிறதே, அதன் கீழே “மலைச்சரிவில் வயலட் பூக்கள்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது வயலட் இல்லை. காலின்சியா. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டுச் செத்துப்போகிற சின்னஞ்சிறு செடி. ஆங்கிலத்தில் நீலக்கண் மேரி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பூவின் பெயருக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றலாம். சில வருடங்களாக ஜூன் மாதம் வந்தால் அந்த மலைப்பக்கம் நடக்கப் போகிறவன் நான். முதல் வருடம் நானும் இதை வயலட் என்றுதான் எழுதி வைத்தேன், நண்பர்களுக்கும் அப்படியே சொன்னேன், அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்கள். தவறு என்று தெரிந்தபிறகு ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்த முடியவில்லை. நாளிதழில் அச்சாகிவிட்டால் அது இன்னும் எத்தனை பேரிடம் போய் உட்கார்ந்துவிடும்!

சரி, படத்தை மட்டும் பார்த்து எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பூவை நேர் எதிரே வைத்துப் பாருங்கள். மேலே இரண்டு மடல் வெளிறிய நிறத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. கீழே இரண்டு மடல் நல்ல நீலத்தில் விரிந்திருக்கின்றன. மொத்தம் நாலுதான் கண்ணுக்குத் தெரிகிறது. வயலட்டாக இருந்தால் ஐந்து இதழும் தெரியும், அதிலும் கீழே நடுவில் இருக்கிற இதழ்தான் முக்கியமானது, அதில் கோடுகள் ஓடும், அதே இதழ் பூவுக்குப் பின்னால் ஒரு குட்டி வால் போல நீண்டிருக்கும். காலின்சியாவிலும் கீழே நடுவில் மடல் உண்டு, ஆனால் அது இரண்டாக மடிந்து ஒரு படகு மாதிரி மற்ற இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் எதிரே இருந்து பார்க்கும்போது ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறது. இந்தப் பூவை அடையாளம் காண எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல குறி இல்லை.

அந்தப் படகைத் திறந்து பார்க்கவேண்டும் என்றால் மணலில் குப்புறப் படுக்கத்தான் வேண்டும். டாஹோ ஏரிக்கு மேலே ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், கருங்கல் உதிர்ந்து உதிர்ந்து கரடுமுரடான மணலாகிக் கிடக்கிற ஒரு இடத்தில் நான் அப்படிப் படுத்துப் பார்த்திருக்கிறேன். தண்டு நூல் கனம்தான், சிவப்பு ஓடியிருந்தது, தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. மணல் துகள் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டு மினுங்கின. பூ என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. காய்ந்த புல் நுனியால் அந்த மடிந்த மடலை மெல்லக் கீழே அழுத்தினேன். உள்ளே இருந்து நாலு மகரந்தத்தாளும் சூல்தண்டும் வெளியே வந்தன. புல்லை எடுத்ததும் மடல் பழையபடி மூடிக்கொண்டது. தேனீ வந்து உட்காரும்போது அதன் எடையால் நடப்பதும் இதேதான். நாலு மகரந்தப்பையும் ஒரே நாளில் வெடிப்பதில்லை, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் திறக்கின்றன. தேனீ வராமலே போனாலும் பல காலின்சியா இனங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு விதை பிடித்துவிடும். ஒரே ஒரு பருவம்தான் கையில் இருக்கிறது என்னும்போது அந்தச் செடிக்கு அது பெரிய காப்பு.

படகு மாதிரி என்றதும் சிலருக்கு அவரைப்பூ ஞாபகம் வரும். வரவேண்டியதுதான், பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவரைப்பூவில் மேலே நிற்பது கொடி பறப்பது போல விரிந்த ஒரே ஒரு பெரிய இதழ், இங்கே இரண்டு மடல். அவரையில் மகரந்தத்தாள் பத்து, இங்கே வளமானவை நாலு. அப்புறம் செடியைச் சுற்றி மணலில் உதிர்ந்து கிடக்கிற பூக்களைப் பாருங்கள், காலின்சியாவின் அல்லி, அதாவது இதழ்களின் தொகுதி, முழுசாக ஒரே குழாயாகக் கழன்று விழுந்திருக்கும், உள்சுவரில் மகரந்தத்தாள்கள் ஒட்டியபடியே இருக்கும். வயலட்டிலும் அவரையிலும் இதழ்களைப் பிரித்து எடுத்துவிடலாம், இதில் முடியாது, எல்லாம் அடியில் ஒட்டிப் பிறந்தவை. உதிர்ந்ததைப் பார்த்தாலே போதும், பறிக்கத் தேவையில்லை. தேசியப் பூங்காக்களுக்குள் பறிப்பதற்குத் தடையும் இருக்கிறது.

இலையும் கூடவே சாட்சி சொல்லும். காலின்சியாவில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், பூக்கள் கணுவைச் சுற்றி வரும். வயலட்டில் இலைக்காம்பின் அடியில் சின்னச் செதில்கள் இருக்கும், பூ தனித்தனிக் காம்பில் தலை குனிந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மலையில் வறண்ட சரளைச் சரிவிலேயே வளரும் வயலட் ஒன்று நிஜமாகவே உண்டு, பெயர் வயோலா பர்பியூரியா. பெயரில் ஊதா இருக்கிறது, பூ மஞ்சள்! இலையின் அடிப்பக்கம் ஊதா ஓடுவதால் வந்த பெயர். அது பல வருடம் வாழ்கிற செடி. நீல வயலட்டுகளைப் பார்க்கவேண்டும் என்றால் பெரும்பாலும் ஈரமான புல்வெளிப் பக்கம் போகவேண்டும். ஆகவே காய்ந்த கருங்கல் மணலில் நீலக் கம்பளம் என்றால், பூவின் அமைப்பைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வயலட் என்ற பெயரில் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எந்த மண்ணில் நிற்கிறது என்பதும் செடியின் அடையாளம்தான்.

காலின்சியா என்ற பேரினப் பெயரை 1817இல் வைத்தவர் தாமஸ் நட்டால், பிலடெல்பியாவில் வாழ்ந்த சக்கேயஸ் காலின்ஸ் என்ற தாவர ஆர்வலரின் நினைவாக. ஏறக்குறைய 20 இனங்கள், பெரும்பகுதி கலிபோர்னியாவில். பழைய புத்தகங்களில் தேடினால் இதை ஸ்க்ரோஃபுலேரியேசி குடும்பத்தில் போட்டிருப்பார்கள். 1990களில் மரபணுவை வைத்து அந்தக் குடும்பத்தைப் பிரித்து அடுக்கத் தொடங்கியபிறகு இது பிளாண்டாஜினேசிக்கு மாறிவிட்டது. நம் நீர்ப்பிரம்மியும் இசப்கோலும் இதய மருந்து தருகிற டிஜிட்டாலிஸும் இப்போது அதே குடும்பம்தான். இந்த மாற்றங்கள் புத்தகம் வைத்துத் தேடுகிறவர்களைக் கொஞ்சம் குழப்பும். மிமுலஸ் என்று பல தலைமுறை சொல்லிவந்த மலைப்பூக்களையும் 2012இல் எரித்ராந்தி, டிப்ளாகஸ் என்று பிரித்துவிட்டார்கள், இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. பெயர் மாறினாலும் பூவின் உறுப்பு மாறுவதில்லை, அதனால் உறுப்பைப் பார்த்துக் குறித்து வைத்தவர் எந்தப் புத்தகத்தைப் பிடித்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடம் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் நின்றுகொண்டு மேலே இருந்து எடுத்தது. அழகான படங்கள்தான். கைப்பேசியில் ஒரு செயலி வயலட் என்றது, நம்பிவிட்டேன். பிறகு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டேன், செடி, பூச்சி, பறவை எதைப் பார்த்தாலும் பதிந்து வைக்கிற இடம். 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது அது, அங்கே கணினி ஒரு பெயரைச் சொன்னாலும் மற்ற மனிதர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. ஒருவர் காலின்சியா என்று திருத்திவிட்டு, எந்த இனம் என்று சொல்ல பக்கவாட்டுப் படமும் இலையும் வேண்டுமே என்று கேட்டிருந்தார். என்னிடம் இல்லை.

அடுத்த வருடம் அதே வாரத்தில் அதே இடத்துக்குப் போனேன். அந்தப் பெரிய பாறை இருந்தது, பக்கத்தில் சாய்ந்து கிடந்த பைன் மரம் இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை. வெறும் மணல். எனக்கு அழுகை வராத குறை. ஒருபருவச் செடி அப்படித்தான் என்பதை அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டேன். அந்த மலையில் வருடத்தின் ஈரத்தில் பெரும்பகுதி குளிர்காலப் பனியாகத்தான் வந்து இறங்குகிறது, கோடை காய்ந்துவிடும். பனி உருகி மணல் ஈரமாக இருக்கிற அந்தச் சில வாரத்துக்குள் வளர்ந்து பூத்து விதையைக் கொட்டிவிட்டுப் போய்விடவேண்டும். பனி குறைந்தால் வேலை முன்பே முடிந்துவிடும், சில வருடம் முளைப்பதே குறைவு, விதைகள் மண்ணுக்குள் கிடக்கும். வேர் விட்டு நிற்கிற புதர் என்றால் அடுத்த வருடம் வந்து பார்த்துக்கொள்ளலாம். இதை அப்படி விட்டுவைக்க முடியாது. இருக்கும்போதே முழுசாகப் பார்த்துவிடவேண்டும். அதற்கும் அடுத்த வருடம்தான் மறுபடி கம்பளம் விரித்தது, நான் குப்புறப் படுத்ததும் அந்த முறைதான்.

இதனால்தான் கேட்கிறேன், பயணக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். பூவை முகத்துக்கு நேரே ஒரு படம், பக்கவாட்டில் புல்லியும் (பூவின் அடியில் இருக்கிற பச்சைக் கிண்ணம்) குழாயின் வளைவும் தெரிய ஒரு படம், தண்டில் இலை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு படம், காய் இருந்தால் கட்டாயம் அதுவும். காயை விட்டுவிட்டுப் பெயரே சொல்ல முடியாத செடிகள் அதே மணலில் இருக்கின்றன. கிரிப்டாந்தா என்ற குட்டி வெள்ளைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் பூ ஒரே மாதிரிதான், முற்றிய கொட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். பக்கத்தில் ஒரு விரலை வைத்து எடுத்தால் அளவு தெரியும். கடைசியாக அந்த மண்ணையும் சேர்த்துத் தள்ளி நின்று ஒரு படம், மாதம், உயரம். ஐந்து நிமிட வேலை. இவ்வளவும் இல்லை என்றால் படத்தின் கீழே “காட்டுப்பூ, ஜூன் மாதம், கருங்கல் மணல்” என்று போடுங்கள், அது போதும், அதில் பொய் இல்லை. பெயர் இல்லாத பூவைப் பார்க்கிற வாசகர் தேடுவார். தவறான பெயரோடு பார்க்கிறவர் தேட மாட்டார்.

உங்கள் படத்தில் இருப்பது எந்தக் காலின்சியா என்பதை மட்டும் முடிவு செய்ய முடியவில்லை, அது நின்று எடுத்த படம். அந்தப் பக்கத்து மணலில் அதிகம் வருபவை இரண்டு. காலின்சியா டோரியி என்ற இனம் என்றால் இலை கோடு போல ஒடுங்கியிருக்கும், தண்டிலும் காம்பிலும் பிசுபிசுப்பான முடிகள் இருக்கும். காலின்சியா பார்விஃப்ளோரா என்றால் இலை அகலம், பெயரின் பொருளே சிறிய பூ என்பதுதான், பூ புல்லிக்குள்ளே இருந்து எட்டிப் பார்ப்பது போலத்தான் வெளியே வரும், நீளம் 4 முதல் 8 மில்லிமீட்டர். அன்பு கூர்ந்து கட்டுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள், தரையோடு தரையாகக் குனிந்து எடுத்த படம் ஒன்றாவது அவர் கைப்பேசியில் இருக்கும். இலை தெரிந்தால் போதும். அனுப்பி வைத்தால் பார்த்துச் சொல்கிறேன், திருத்தத்தை முழுப் பெயரோடு போடலாம்.

இப்படிக்கு,
கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகர்