செய்யாததையும் எழுதி வையுங்கள்: விமான ஆட்-ஆன் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விமான ஆட்-ஆன் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். விமானம் ஓட்டும் அனுபவத்தைத் தரும் ஃப்ளைட் சிமுலேட்டர் நிரலில் சேர்த்துக்கொள்வதற்கென்று உங்களில் பலர் தனியாகச் செய்த விமானங்களைப் பல வருடங்களாக வீட்டுக் கணினியில் ஓட்டி வருகிறேன். உங்கள் தொழிலைக் குறை சொல்வதற்கென்றே காத்திருந்தவன் அல்ல. ஆனால் சமீபத்தில் வாங்கிய ஓர் இரட்டை எஞ்சின் ஜெட் என்னை இதை எழுத வைத்துவிட்டது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் ‘நல்லவேளை, நாங்கள் இல்லை’ என்று நழுவிவிடுவீர்கள்.

கேட்பது ஒன்றுதான். ஒரு விமானத்தை விற்கும்போது, அதில் எந்த சிஸ்டம் உண்மையாக வேலை செய்கிறது, எது அரைகுறை, எது வெறும் படம் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பணம் கட்டிய பிறகு திறக்கும் கையேட்டில் அல்ல, பணம் கட்டும் முன் கண்ணில் படும் இடத்தில்.

இறக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறுவதையும் இறங்குவதையும் விமானக் கணினியிடம் ஒப்படைக்கும் வி-நாவ் பொத்தான் உங்கள் விளம்பரப் படங்களில் பளிச்சென்று எரிகிறது. நிஜ விமானத்தில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன கணக்கு நடக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விமானத்தின் ஃப்ளைட் மேனேஜ்மெண்ட் கம்ப்யூட்டர் ஓடுபாதைப் பக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், இருந்தால் எந்தச் சரிவில் இறங்கும், வழியில் எந்தப் புள்ளியில் எவ்வளவு உயரமும் வேகமும் இருக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க எவ்வளவு தூரம் விட வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இத்தனையும் சேர்ந்துதான் இறக்கம் தொடங்கும் இடம் முடிவாகிறது. எடை கூடினால், அதே வேகத்தில் இறங்கும் விமானம் இன்னும் அதிக தூரம் போகும். அதனால் அந்த இடம் முன்னதாக வர வேண்டும். பின்காற்று அடித்தாலும் அப்படியே.

நான் வாங்கிய விமானத்தில் அந்த இடம் நகரவே இல்லை. பயணிகளையும் சரக்கையும் நிரப்பினேன், அங்கேயே இருந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலியாகப் பறந்தேன், அப்போதும் அங்கேயே. எதிர்க்காற்றைப் பின்காற்றாக மாற்றிப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. மூன்று டிகிரிச் சரிவில் ஒரு நேர்கோடு, ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 318 அடி. 36,000 அடியில் இருந்தால் ஏறக்குறைய 113 மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்கு. இதைச் செய்ய ஃப்ளைட் மேனேஜ்மெண்ட் கம்ப்யூட்டர் எதற்கு, பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை நீங்களும் ஒரு முறை அனுபவித்துப் பார்க்க வேண்டும். எடை அதிகம், பின்காற்று வேறு என்றால், விமானம் அந்தக் கோட்டைப் பிடிக்க மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போய், அதிவேக எச்சரிக்கை கடகடவென்று அடிக்க ஆரம்பிக்கிறது. காலியாக எதிர்க்காற்றில் வந்தால், ஐடிலில் சும்மா சறுக்கி வர வேண்டிய விமானம், எஞ்சினை முறுக்கிக்கொண்டு கோட்டின் மேல் தவழ்கிறது. ‘இந்த உயரம் அல்லது அதற்கு மேல்’ என்று வரைபடம் சொல்லும் இடத்தில், இது சரியாக அந்த உயரத்துக்கே இறங்கி, அங்கே சமமாகப் பறந்து, அப்புறம் மறுபடியும் இறங்குகிறது. நடுவில் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி ஒரு புள்ளிக்கு நேராகப் போக வைத்தால், கடந்து வந்த புள்ளியை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது.

நீண்ட தூரம் பறக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடலுக்கு மேல் பல மணி நேரம் எதுவும் நடக்காது, அதைத் தெரிந்துதான் உட்கார்கிறோம். அந்தக் கடைசி அரை மணி நேர இறக்கத்துக்காகத்தான் அத்தனை மணி நேரக் காத்திருப்பும். அங்கேதான் உங்கள் விமானம் கையை விரிக்கிறது. வி-நாவை மறந்துவிட்டு, செங்குத்து வேகத்தை நானே வைத்து இறக்கினேன். இறக்க முடியும்தான். ஆனால் அதற்குச் சிமுலேட்டருடன் இலவசமாக வந்த விமானமே போதுமே.

ஆதரவுப் பிரிவுக்கு எழுதினேன். எடை, காற்று, உயரம் எல்லாவற்றையும் குறித்துப் படங்களோடு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: இது சிமுலேட்டரின் வரம்பு, எதிர்கால அப்டேட்டில் பரிசீலிப்போம். பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டதற்கு, டவுன்லோட் செய்துவிட்டதால் முடியாது என்றார்கள். டவுன்லோட் செய்யாமல் அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பயனாக இருந்திருக்கும்.

‘சிமுலேட்டரின் வரம்பு’ என்ற அந்த வார்த்தைக்குத்தான் எனக்குக் கோபம். ஏனென்றால் அதே சிமுலேட்டரில்தான் மற்றவர்களும் வேலை செய்கிறார்கள். 2022 மே மாதம் பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் போயிங் 737-ம் ஃபெனிக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320-ம் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு வந்தன. சிமுலேட்டர் தருவது போதாது என்று தெரிந்ததும், ஃபெனிக்ஸ் தன் விமானத்தின் சிஸ்டங்களைச் சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாகவே ஓட வைத்தது. ஏ2ஏ நிறுவனம் தன் கோமாஞ்சி 250-இல் எஞ்சினின் இயற்பியலை வெளியே எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தை முரட்டுத்தனமாக ஓட்டினால் தேய்மானம் அடுத்த பறப்பிலும் இருக்கும். ஆயில் அளவைப் பார்க்காமல் கிளம்பினால் அதற்கான பலன் கிடைக்கும். காற்றும் எடையும் தெரிந்த பிறகு ஒரு சரிவைக் கணக்கிடுவது அதைவிடக் கடினமா என்ன?

இதெல்லாம் பெரிய விலை, பெரிய நிறுவனம் என்று சொல்லலாம். சரி, விலையே இல்லாததைப் பார்ப்போம். ஃப்ளைபைவயர் என்ற ஆர்வலர் குழுவினர் 2020-இல் சிமுலேட்டரோடு வந்த ஏ320 நியோவை எடுத்து, விமானியின் கட்டளைக்கு விமானம் எப்படி அசைய வேண்டும் என்ற பறப்பு விதிகளையும் ஃப்ளைட் மேனேஜ்மெண்ட் கணக்குகளையும் தாங்களே எழுதி, மூலநிரலோடு சேர்த்து இலவசமாகத் தந்தார்கள். பின்னர் ஏ380-ஐயும் அதே மாதிரி தந்தார்கள். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் கூடவே வரும் 737-800-ஐ ஸீபோ என்ற பெயரில் மெருகேற்றித் தந்தவர்களும் காசு கேட்கவில்லை. அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஃப்ளைபைவயரின் குறைப் பட்டியல் பொதுவெளியில் கிடக்கிறது. எது உடைந்திருக்கிறது, எது இன்னும் எழுதவில்லை என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இலவசமாகத் தருகிறவர்களுக்கு இருக்கிற அந்தத் துணிச்சல், காசு வாங்குகிறவர்களுக்கு ஏன் இல்லை?

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானிலை ரேடார் விஷயத்தில் உங்கள் சாக்கு உண்மையானது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் மேகத்தின் முப்பரிமாணத் தகவல் உங்கள் கைக்கு வரவில்லை. அதனால் ரேடாரின் பார்வையை மேலும் கீழும் சாய்க்கும் குமிழைத் திருப்பினால் நிஜத்தில் நடப்பது நடக்காது. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு நியாயமான வரம்பு இருப்பதாலேயே, நீங்கள் எழுதாமல் விட்ட எல்லாவற்றையும் அதற்குள் ஒளித்து வைக்கக் கூடாது. எது சிமுலேட்டர் தராதது, எது நீங்கள் செய்யாதது என்று பிரித்து எழுதினால் நாங்களே புரிந்துகொள்வோம்.

திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக்கைச் சோதித்துப் பார்ப்பது எளிது என்பதால் அதையும் சொல்கிறேன். ஏ320-இல் பச்சை, நீலம், மஞ்சள் என மூன்று தனி சிஸ்டம். பச்சையில் திரவம் போய்விட்டால் லேண்டிங் கியரை, அதாவது சக்கரங்களை, தன் எடையிலேயே விழ வைக்க வேண்டும், சாதாரண பிரேக் போய் மஞ்சளின் மாற்று பிரேக் வரும். நல்ல ஆட்-ஆனில் இது அப்படியே நடக்கிறது, விமானி வேறு ஒரு விமானத்தை ஓட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. மோசமான ஆட்-ஆனில் திரையில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வரும், மணி அடிக்கும், அப்புறம் கியர் வழக்கம்போல் சொகுசாக இறங்கும். விமானி அறையின் பின்பக்கச் சுவரில் உள்ள, மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்களின் கதையும் அப்படியே. ஃபெனிக்ஸில் ஒன்றை இழுத்தால் அதன் பின்னால் இருக்கும் பொருள் செத்துப்போகிறது. நான் வாங்கியதில் அவை சுவரில் வரைந்த ஜன்னல் மாதிரி, அழகுக்கு மட்டும்.

அழகு என்றதும் நினைவுக்கு வருகிறது, அதில் நீங்கள் குறையே வைப்பதில்லை. இருக்கைத் துணியின் தேய்மானம், கண்ணாடியில் விரல் ரேகை, பயணிகள் கழிவறையின் குழாய், எல்லாம் துல்லியம். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி வழிகிறது. கழிவறைக் கதவு திறக்கும் நேர்த்தியைப் பார்த்துவிட்டு, இறங்குவதையும் கணக்கிட்டிருப்பார்கள் என்று நம்புகிறவன் எங்கே போவான்? இதில் இன்னொரு வேடிக்கை: வெளியான நாளில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை ஒரு புறப்பாடு, ஒரு சூரிய அஸ்தமனம், ஒரு தரையிறக்கம். எடையை மாற்றி மாற்றி இறக்கிக் காட்டுகிறவர் அபூர்வம். உங்கள் பக்கத்தில் எல்லா விமானத்தின் மேலும் ‘ஸ்டடி லெவல்’ என்ற ஒரே ஸ்டிக்கர், நிஜ விமானத்தைப் படிக்கும் அளவுக்குத் துல்லியம் என்று பொருள். விலையும் ஏறக்குறைய ஒன்று. சில சமயம் சிமுலேட்டரைவிட அதற்குள் பறக்கும் ஒற்றை விமானத்துக்கு விலை அதிகம்.

சொல்ல ஆரம்பித்தால் முடிவதில்லை. 737-இன் ஒவ்வொரு நீள வகைக்கும் தனி விலை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வந்ததும், அதே விமானத்துக்குச் சிலர் மறுபடியும் கட்டணம் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்பது வாங்கிய அன்று தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நிறுவல் நிரல், அதற்கு ஒரு கணக்கு, அதற்கு ஒரு கடவுச்சொல். கடவுச்சொல் என்றதும் 2018 உங்களுக்கே நினைவு வரும். திருட்டுப் பிரதிகளைப் பிடிக்கிறோம் என்று ஒரு நிறுவனம், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரலைத் தன் ஏ320-இன் இன்ஸ்டாலருக்குள் வைத்து, அம்பலமானதும் நீக்கியது. அப்போதுகூட, நிரல் காசு கொடுத்தவர்களின் கணினியில் இயங்காது, நம்புங்கள் என்பதுதான் விளக்கம். நம்பிக்கையைப் பற்றி நாங்கள் ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பது இப்போது புரியும் என்று நினைக்கிறேன்.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். திரும்பக் கேட்கிறேன்: என்ன வேலை செய்கிறது, என்ன செய்யவில்லை, விற்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

எல்லா விமானமும் ஆழமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பி மலைகளைச் சுற்றி வர விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எளிய விமானம்தான் சரி. அதைச் செய்வதில் எந்தக் கேவலமும் இல்லை. ‘இதில் வி-நாவ் நேர்கோட்டில் இறங்கும், எடையும் காற்றும் கணக்கில் இல்லை, பிரேக்கர்கள் இயங்காது’ என்று எழுதியிருந்தால், நான் வேறொன்றை வாங்கியிருப்பேன், எனக்குப் பதில் அந்த விமானத்தை ரசிக்கிற வேறொருவர் அதை வாங்கியிருப்பார். உங்கள் ஆதரவுப் பிரிவுக்கும் ஒரு கடிதம் குறைந்திருக்கும்.

எழுதுவதற்கு நாளாகும் என்றால் நான்கு விஷயத்திலிருந்து தொடங்கலாம்: இறக்கக் கணக்கு எதையெல்லாம் பார்க்கிறது, ஹைட்ராலிக்கும் மின்சாரமும் பழுதானால் எது எது நிற்கும், 28 நாளுக்கு ஒரு முறை மாறும் வழித்தடத் தரவுகளைப் புதுப்பிக்க முடியுமா, சிமுலேட்டரின் அடுத்த பதிப்புக்கு மறுபடி காசு உண்டா. அரைகுறையாக வெளியிட்டு முன்கூட்டியே விற்பவர்கள், வராத பாகங்களின் பெயரையும் சேர்க்க வேண்டும், எப்போது வரும் என்ற தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பட்டியல் ஒன்று சொல்லி விமானம் வேறு செய்தால், டவுன்லோட் ஆனதா இல்லையா என்று பார்க்காமல் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இந்தப் பட்டியலை எழுத உங்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லை. எதைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள் என்பது நிரலை எழுதியவருக்குத் தெரியும். அவரிடம் கேட்டு, விளம்பரப் படங்களுக்குக் கீழே ஒரு பக்கம் சேர்த்தால் போதும். உங்களில் யார் முதலில் அப்படி ஒரு பக்கத்தைப் போடுகிறீர்களோ, உங்கள் அடுத்த விமானம் எளியதாக இருந்தாலும் அதை முழு விலைக்கு வாங்குகிறேன்.

தயவுசெய்து எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாடிக்கையாளர்