உறுதிமொழி அவனுக்கு மனப்பாடம்

கன்னியாகுமரி மாவட்டக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் விளவங்கோடு தாலுகாவில் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்ப்பவள். மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிகளைச் சுற்றி என்ன விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் போன மாதம் என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மீன்குழம்பு எரிகிறது என்று இரண்டு நாளாகச் சோற்றை ஒதுக்கினான். உதட்டை இழுத்துப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அண்டி எண்ணெய் பட்டு என் விரல் வெந்திருக்குமே, அதே மாதிரி. "கூல் வச்சேன் அம்மா, கிளாஸ்ல நிறைய பேரு வைப்பானுவ" என்றான். உதட்டுக்குள் அடக்கிவைக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலம்தான் அந்தக் கூல். வாங்கிய கடை, பள்ளி கேட்டிலிருந்து முப்பது எட்டு வைக்கும் தூரம்தான். நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் 2003-லேயே வந்துவிட்டது.

ஸ்கூலில் ஒன்றும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன். ஜூன் 26 அன்று மைதானத்தில் கையை நீட்டிச் சொன்ன போதை ஒழிப்பு உறுதிமொழியை ஒரு வரி விடாமல் ஒப்பித்தான். அப்புறம், "இது போதை இல்லியே, வாய் மணக்கத்தானே" என்றான். உள்ளே இருப்பது புகையிலை, அதிலுள்ள நிக்கோடின் வளரும் பிள்ளையின் மூளையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்கு முதன்முதலில் சொன்னவர் பல் டாக்டர். அதுவும் புண் வந்த பிறகு.

நான் கேட்பது ஒன்றுதான். எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பாடவேளையை உடல்நலக் கல்விக்கு ஒதுக்குங்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதுபோல் இதையும் எடுத்துவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வரட்டும். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டட்டும். கூட்டுக்காரன் நீட்டும்போது எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதைப் பிள்ளைகளையே பேசவைத்துப் பழக்கட்டும். என் மகன் தடுமாறியது அந்த இடத்தில்தான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் என்று மேடைதோறும் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறைந்தால் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறீர்கள். பிள்ளை வாயில் புண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாரிடம் கேட்கிறீர்கள்? பிடிபட்டால் டி.சி. என்று மிரட்டுவதால் பையன்கள் இன்னும் நன்றாக ஒளித்துவைக்கத்தான் பழகுகிறார்கள். கேரள எல்லையில், களியக்காவிளையில் வண்டிகளைச் சோதிப்பதும் வேண்டியதுதான். ஆனால் வகுப்பறையில் செய்ய வேண்டியதை அங்கே செய்ய முடியாது.

கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பாடவேளை, அவ்வளவுதான். என் இளையவள் வரும் ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். அதற்குள் தொடங்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்