காவிரிக்காக உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

காவிரிக் கடைமடையில் நெல் விளைவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீருக்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் வணக்கம், தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கத்தாருக்கு. காவிரி நீரைப் பங்கிட மைசூரும் (இன்றைய கர்நாடகம்) சென்னை மாகாணமும் செய்த 1924 ஒப்பந்தம் வகுத்த ஐம்பது ஆண்டு 1974இல் முடிந்தது. அதன்பின் பேச்சுவார்த்தையிலேயே காலம் போயிற்று. பேசித் தீராத நதிநீர்த் தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. அதைக் காட்டி 1983இல் உச்ச நீதிமன்றம் போனவர்கள் விவசாயிகள்! 1990 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 2ஆம் தேதி வி.பி. சிங் அரசு நடுவர் மன்றத்தை அமைத்தது. கடன் வாங்கி நடவு நடுகிறவர்கள் டெல்லியில் இத்தனை ஆண்டு வழக்கு நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

அடுத்து, தமிழ்நாடு, கர்நாடக விவசாயிகள் கூடிப் பேசிய 'காவிரிக் குடும்பம்' குழு. 2002இல் தண்ணீர் பொய்த்து இரு மாநிலமும் கொதித்துக் கிடந்தது. மறு ஆண்டே இருதரப்பு விவசாயிகளையும் எதிரெதிரே உட்கார வைத்தார் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன். இங்கிருந்து மன்னார்குடி எஸ். ரங்கநாதன், அங்கிருந்து கர்நாடக விவசாயிகள் தலைவர் கே.எஸ். புட்டண்ணையா. கர்நாடகத்தின் மண்டியாக்காரர்கள் டெல்டா வயலைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லைதான். ஆனாலும் எதிர்க்கரை விவசாயிக்கும் கடன் உண்டு, காய்ந்த நாற்று உண்டு என்று நேரில் கண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. புட்டண்ணையா 2018 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்த சில நாளில் காலமானார். அவர் குடும்பத்தாருக்கு எங்கள் வணக்கம்.

அந்தத் தீர்ப்பு, கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று நடுவர் மன்றம் 2007இல் சொன்ன 192 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைத்தது. எங்களுக்கு வலித்தது. குறைத்ததில் ஒரு பங்கு பெங்களூரு மக்களின் குடிநீருக்கு என்னும்போது மறுக்க மனம் வரவில்லை. மாநிலங்களிடையே ஓடும் ஆறு எந்த மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்று எழுதிய நீதிபதிகளுக்கு நன்றி. இரண்டு மாநிலத்துக்காகவும் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும் நன்றி.

மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீரளவு எடுக்கும் மத்திய நீர் ஆணைய ஊழியர்களே, ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 டி.எம்.சி. என்ற மாதக் கணக்கு உங்கள் அளவை நம்பித்தான் நிற்கிறது. முறை வைத்துக் கடைமடைவரை நீர் கொண்டுவரும் பொறியாளர்களே, வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களே, உங்களையும் மறக்கவில்லை.

அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். மழை பொய்க்கும் ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இரு மாநிலமும் ஏற்கும் கணக்கை, அணைகள் நிறைந்திருக்கும் ஆண்டிலேயே பேசி முடியுங்கள். பேச உட்காரும்போது இருபக்க விவசாயிகளையும் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
கடைமடை விவசாயி ஒருவன்