கதையின் வரியைக் காட்டி எழுதிய விடைக்குப் பூஜ்யமா?

ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கும், வினாத்தாள் அமைப்பவர்களுக்கும், விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கும் ஓர் ஆசிரியையின் வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினின் ‘தி ஸ்டோரி ஆஃப் அன் ஹவர்’ சிறுகதையைப் பாடமாக வைத்ததற்கு முதலில் நன்றி. 1894இல் வெளிவந்த கதை. ஏறத்தாழ ஆயிரம் சொற்கள்தான். ஒரே வகுப்பில் இரண்டு முறை வாசித்துவிடலாம். இரண்டாம் முறை வாசிக்கையில் அது வேறு கதையாகத் தெரியும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுக்க என்னிடமே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்.

அந்தக் கதையிலிருந்து தேர்வில் ஒரு கேள்வி கேட்டீர்கள். திருமதி மல்லார்ட் எதனால் இறந்தாள்? ஐந்து மதிப்பெண். என் மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பூஜ்யம் கிடைத்தது.

விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தோம். அவள் எழுதியிருந்தது இதுதான். கணவன் விபத்தில் இறந்துவிட்டான் என்று கேட்டு மல்லார்ட் அழுகிறாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். திறந்த ஜன்னலுக்கு வெளியே மரங்கள் துளிர்த்திருக்கின்றன, குருவிகள் சத்தமிடுகின்றன. அவள் வாயிலிருந்து ‘விடுதலை’ என்ற சொல் மறுபடி மறுபடி வருகிறது. வாழ்நாள் நீண்டுவிடுமோ என்று நேற்றுவரை நடுங்கியவள், அது நீள வேண்டுமென்று இன்று வேண்டுகிறாள். படியிறங்கி வருகிறாள். கணவன் உயிரோடு உள்ளே நுழைகிறான். அவள் விழுந்து இறக்கிறாள். ‘மகிழ்ச்சி தாளாமல் இறந்தாள்’ என்று சொல்பவர்கள் டாக்டர்கள். அறைக்குள் நடந்தது டாக்டர்களுக்குத் தெரியாது, வாசிக்கும் நமக்குத் தெரியும். ஆகவே அவள் இறந்தது மகிழ்ச்சியால் அல்ல, கிடைத்த விடுதலை ஒரு மணி நேரத்தில் பறிபோனதால்.

ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிழைகளைக்கூட யாரும் திருத்தியிருக்கவில்லை. பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் பூஜ்யம். உங்கள் விடைக்குறிப்பில் இருந்தது ஒரே வரி: ‘கணவனை உயிரோடு கண்ட பேரானந்தத்தால் இறந்தாள்.’

அந்தப் பெண் அழவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “இனிமேல் நோட்ஸில் இருப்பதையே எழுதிவிடட்டுமா, டீச்சர்?” எனக்குப் பதில் வரவில்லை. வேண்டாம் என்றால் அவள் மதிப்பெண் போகும். சரி என்றால் ஆண்டு முழுக்க நான் நடத்தியது போகும்.

ஐயா, அம்மா, நான் வேண்டுவது ஒன்றுதான். கதையின் வரியைச் சான்றாகக் காட்டி எழுதிய விடைக்கு, அது உங்கள் குறிப்போடு ஒத்துப்போகாவிட்டாலும், மதிப்பெண் கொடுங்கள்.

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் ‘விமர்சன வாசிப்புத் திறனை வளர்த்தல்’ என்று நோக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நம்பினேன். ஷோபின் கதையின் கடைசி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, “இதைச் சொல்வது யார்?” என்று மட்டும் கேட்டேன். வகுப்பு வெகுநேரம் பேசாமல் இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “டாக்டர்கள்” என்றது. அதன்பின் யாரையும் நான் தூண்டவே வேண்டியிருக்கவில்லை. முதல் வாக்கியத்துக்கே திரும்பிப் போனார்கள். அங்கே சொல்லப்பட்ட ‘இதயக் கோளாறு’ வெறும் உடல்நோய்தானா என்று அவர்களாகவே கேட்டார்கள். சொல்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதை அவர் சொல்லாமல் விட்டார் என்று கேட்கப் பழகிவிட்டவர்கள் நாளை ஒரு செய்தியையோ விளம்பரத்தையோ அப்படியே விழுங்க மாட்டார்கள். உங்கள் விடைக்குறிப்போ டாக்டர்கள் சொன்னதை அப்படியே விழுங்கியிருக்கிறது. இதை எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த ஒரு கதையோடு போகவில்லை. எட்கர் ஆலன் போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ (1843) கதையில், கொலை செய்தவனே தனக்குப் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் வாதாடுகிறான். அவன் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த வரியில் சந்தேகம் தட்டியது என்று கேட்க வேண்டிய இடத்தில், கிழவரின் கண் என்ன நிறம் என்று கேட்கிறீர்கள். வெளிர் நீலம். கதையைத் திறக்காமலே மனப்பாடம் செய்துவிடலாம். போதாததற்கு, பாடநூலில் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் கதைச்சுருக்கத்தையும் ‘மையக் கருத்தையும்’ அச்சிட்டுவிடுகிறீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் எதற்காகக் கதையை வாசிக்க வேண்டும்?

ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ (The Gift of the Magi, 1905) நடத்தியபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். கதாநாயகி டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசுகள் என்கிறது கதை. மீதி 1 டாலர் 27 சென்ட். 5, 10, 25, 50 சென்ட் காசுகளை எப்படிக் கூட்டினாலும் 27இல் முடியாதே என்றான். வகுப்பே நோட்டில் கூட்டிப் பார்த்தது. இரண்டு சென்ட், மூன்று சென்ட் காசுகளும் அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்தன, ஆனால் கதை வருவதற்கு முன்பே அவற்றை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். எழுத்தாளரின் கவனக்குறைவா, டெல்லாவின் பர்ஸில் கிடந்த பழைய காசா என்று மணி அடிக்கும்வரை வாதம் நடந்தது. அன்று அவர்கள் வாசித்ததுபோல் ஆங்கிலத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. இதற்கு உங்கள் வினாத்தாளில் அரை மதிப்பெண்ணுக்கும் இடமில்லை.

நம் பழைய உரையாசிரியர்கள் தாம் ஏற்காத பொருளையும் ‘என்பாரும் உளர்’ என்று குறித்துவைத்துவிட்டுத்தான் மறுத்தார்கள். அந்த மரியாதையை ஒரு பள்ளிப்பிள்ளைக்கு நாம் கொடுக்கக் கூடாதா?

மலைபோல் குவியும் விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நானும் திருத்துகிறவள்தான். அதனால்தான் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டை முடிவுக்கும் மூன்றைச் சான்றுக்கும் ஒதுக்குங்கள். காட்டிய வரி கதையில் இருக்கிறதா, அது அந்த முடிவைத் தாங்குகிறதா என்று மட்டும் திருத்துபவர் பார்க்கட்டும். பாடநூலில் இல்லாத ஒரு பக்கக் கதையைத் தேர்விலேயே கொடுத்து ஒரு கேள்வி கேளுங்கள். கதைச்சுருக்கங்களைக் கதைக்கு முன்னாலிருந்து எடுத்துவிடுங்கள். இவை எல்லாவற்றையும் இந்த ஆண்டே செய்ய முடியாதென்றால், முதலில் கேட்டதையாவது செய்யுங்கள். வரியைக் காட்டி எழுதியவர்களுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கோபத்தில் ஏதேனும் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த மாணவியின் மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தை உரிய கட்டணத்தோடு அனுப்பியிருக்கிறோம். அவளுடைய ஒன்றரைப் பக்கத்தையும் ஷோபினின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டியதில்லை, அவளுக்கு எழுதுங்கள்.

பணிவுடன்,
ஆங்கில ஆசிரியை ஒருத்தி