துடைத்த இடத்திலேயே தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொழில்முறை நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் பளபளவென்று ஆகிவிடும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அரசு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாகத் தென்சென்னையில் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குப் போயிருந்தேன். லிஃப்ட் ஓடவில்லை, அது தனிக் கதை. இரண்டாவது மாடியில், கழிப்பறைச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. சீருடை அணிந்த ஓர் அம்மா அதை மாப்பால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். நான் காத்திருந்த இரண்டரை மணி நேரத்தில் மூன்று முறை வந்து அதே இடத்தைத் துடைத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியே இருக்கு சார். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். குழாய் நம்ம வேலை இல்லைன்னுட்டாரு" என்றார்.

சூப்பர்வைசர் சொன்னது தப்பில்லை. தரையைத் துடைப்பது ஒப்பந்த நிறுவனம். குழாய் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு. மோட்டாரும் விளக்கும் அதே துறையின் மின்பிரிவு. அலுவலகத்தில் இருப்பவர்கள் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். கடிதம் போய், மதிப்பீடு தயாராகி, நிதி ஒதுக்கி ஆள் வருவதற்குள் பருவமழையே ஒருமுறை வந்து போய்விடும். தண்ணீர் அதுவரை சுவருக்குள் சும்மா இருக்காது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். அன்றைக்கு ஒரு வாஷரில் முடிந்திருக்க வேண்டியது பிறகு லட்சக் கணக்கில் வந்து நிற்கும். துப்புரவு ஒரு கையிலும் பழுதுபார்ப்பு இன்னொரு கையிலும் இருக்கும்வரை எந்த நிறுவனம் வந்தாலும் இதே கதைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் மசால்ஜி என்றொரு பணியிடம் இருந்தது. தீவட்டி பிடித்த காலத்துப் பெயர். அதில் இருந்த பெரியவர் ஐப்பசி பிறப்பதற்கு முன் தென்னந்துடைப்பமும் கூடையுமாக மொட்டை மாடிக்குப் போய், மழைநீர்க் குழாய் வாய்களில் அடைத்திருக்கும் சருகையெல்லாம் வாரிப் போட்டுவிடுவார். யாரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றார், இடம் நிரப்பப்படவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பதிவறைக் கூரை ஒழுகி, ஓர் அடுக்குப் பதிவேடுகள் ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிட்டன. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்றும் முளைத்திருந்தது. அதை ஆள்விட்டு வெட்டினோம். வேரோடு எடுத்து ஓட்டையை அடைக்காமல் வெறுமனே வெட்டினால் அது கவாத்து செய்த மாதிரி இன்னும் செழிப்பாக வரும் என்பது அடுத்த வருடம்தான் புரிந்தது.

அப்புறம் ஆசிட். மூக்கை எரிக்கும் நெடி அடித்தால்தான் கழிப்பறை சுத்தம் என்று நம்மில் பலருக்கு எண்ணம். ஆசிட் கறையோடு சேர்த்து மொசைக் தரையின் வழவழப்பையும் தின்றுவிடும். ஓடுகளுக்கு நடுவே பூசிய சிமென்ட்டை அரிக்கும்; அந்த வழியாகத் தண்ணீர் கீழ்த்தளத்துக்கு இறங்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கையுறைகூட இல்லாமல் குனிந்து தேய்ப்பவர்களுக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்?

டெண்டரில் எழுதுவது தலைக்கணக்கு. இத்தனை ஆள், இத்தனை ஷிப்ட், குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கும் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டியவை. அப்படியானால் விலையை எங்கே குறைத்திருப்பார்கள்? பினாயிலில் தண்ணீர் கூடும். கழிப்பறைக்குப் போட்ட மாப்பே வராந்தாவுக்கும் வரும். பத்துப் பேர் என்று எழுதிய இடத்தில் ஏழு பேர் நிற்பார்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்தவர் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த அம்மாவிடம் பி.எஃப். கணக்கு எண் கேட்டேன். பிடித்தம் மட்டும்தான் தெரியும் என்றார். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது தெருக்குப்பை வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத்தான் என்றாலும், வேலையும் கூலியும் நிலைக்குமா என்ற அதே பயம் கட்டடத்துக்குள்ளே வேலை செய்பவர்களுக்கும் உண்டு.

சேப்பாக்கத்தில் 2012ல் தீப்பிடித்துச் சீரழிந்த, நவாபு காலத்து மாளிகையான கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையிலேயே மீட்டுத் தந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் ஓர் ஆசிட் பாட்டில் நுழையாமல் பார்த்துக்கொள்வதும், கூரையில் சருகு சேராமல் பார்த்துக்கொள்வதும் மீட்பு வேலையின் பாதி. பழைய மாளிகைக்கு மட்டுமல்ல, எழுபதுகளில் கட்டிய சாதாரண நான்கு மாடிக்கும் இது பொருந்தும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். துடைப்பவரும் குழாய்க்காரரும் எலக்ட்ரீஷியனும் அவருக்குக் கீழே வரட்டும். கோப்பு அனுப்பாமல் சில்லறைப் பழுதுகளைச் சரிசெய்ய அவர் கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் ஒரு பதிவேடு வைத்து, எங்கே ஒழுகுகிறது, எங்கே பெயர்கிறது என்று துப்புரவு செய்பவர்களையே சொல்லச் சொல்லி எழுதட்டும். கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பில் பாஸ் செய்யும்போது ஆள் கணக்கோடு அந்தப் பதிவேட்டையும் புரட்டட்டும்.

பத்து நாள் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனேன். தண்ணீர் அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் 'ஈரத் தரை, கவனம்' என்று புத்தம்புதிய மஞ்சள் பலகை ஒன்று நின்றது. அதற்கு மட்டும் நிதி வந்துவிட்டது போல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
சைதாப்பேட்டை, சென்னை - 15